சவரக்கத்தி வெட்டும் தழும்பும்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் மருந்துக்கடை நடத்துகிறேன். அதே வரிசையில் ஒரு சலூன் இருக்கிறது. வீட்டிலேயே சவரக்கத்தி பிடித்துப் பழகும் இளைஞர்களும் இப்போது நிறைய. தாடையில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு "ஏதாவது குடுங்கண்ணா" என்று வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. எல்லோருக்கும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஒரு இடத்தில் சொன்னதை இன்னொரு இடத்தில் திரும்பச் சொல்லாமல் இருக்க எண் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தி போட்ட கோடு பெரும்பாலும் தானே ஆறிவிடும். அதற்குப் பிறகு நாம் பூசுவதும், கிள்ளுவதும், வெயிலில் காட்டுவதும்தான் பல முகங்களில் அடையாளமாக நின்றுவிடுகிறது.

1. முகத்துல வெட்டிடுச்சு, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. மொதல்ல இன்னா பண்றது?

அழுத்துங்கள். சுத்தமான துணியையோ, காஸ் துணியையோ மடித்து, வெட்டின்மேல் வைத்து, விரலால் உறுதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். இடையில் "நின்னுச்சா" என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு ரத்தம் நிற்காததற்குக் காரணம் இதுதான். உட்கார வைத்து, அசையாமல் பிடிக்கச் சொன்னால் நின்றுவிடுகிறது.

முகத்துத் தோலில் ரத்த ஓட்டம் அதிகம். அதனால் சின்னக் கீறலுக்கும் சட்டை நனைகிற அளவுக்கு வரும், பயப்பட வேண்டாம். அதே ரத்த ஓட்டத்தால்தான் முகத்துக் காயம் கால் காயத்தைவிடச் சீக்கிரம் ஆறுகிறது. ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி மேலே வைக்கலாம். வெறும் பஞ்சை வைக்காதீர்கள், இழை காயத்தில் ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளைக் கிழித்து ஒட்டுவதும் வேண்டாம். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால் பிய்க்காமல் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு எடுங்கள்.

2. படிகாரம் தேய்ச்சா போதாதா? தாத்தா காலத்துலேர்ந்து அதானே?

சின்னக் கீறலுக்குப் போதும். படிகாரம் தோலில் உள்ள புரதத்தைச் சுருக்கி, நுண்ணிய ரத்தக்குழாய்களின் வாயை அடைக்கிறது. தாத்தா கண்டது சரிதான். கல்லை நனைத்து, வெட்டின்மேல் மெதுவாக அரை நிமிடம் வைத்து, பிறகு தண்ணீரில் கழுவிவிடுங்கள். வெள்ளையாகக் காயவிட்டால் தோல் இழுத்துப் பிடித்து எரியும்.

வாய் பிளந்த வெட்டுக்குள் படிகாரத்தைத் திணிக்கக் கூடாது. தூளாக இடித்துத் தூவவும் கூடாது. கல் உங்களுடையதாக மட்டும் இருக்க வேண்டும். சலூன் கல்லைப் பற்றி 12-ல் சொல்கிறேன்.

3. மஞ்சத்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு... இதுல எது வெக்கலாம்?

எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். வெட்டைவிடப் பெரிய தழும்பை அதுவே உண்டாக்கும். காப்பித்தூள் ரத்தத்தோடு சேர்ந்து கெட்டியாகிவிடுவதால் ரத்தம் நின்ற மாதிரி தெரியும். ஆனால் துகள்கள் உள்ளே மாட்டிக்கொண்டால் தோல் அதன்மேலேயே மூடிக்கொள்ளும், பச்சை குத்தின மாதிரி ஒரு கரும்புள்ளி அங்கேயே தங்கிவிடும். சமையலறை மஞ்சள்தூள் சமையலுக்கு நல்லது, ஆனால் அது கிருமி நீக்கிய பொருள் இல்லை. டூத் பேஸ்ட், சர்க்கரை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

4. டெட்டால் ஊத்திக் கழுவலாமா?

குடிக்கிற தண்ணீரும் சாதாரண சோப்பும் போதும். ஓடும் தண்ணீரில் ஓரிரு நிமிடம் கழுவுங்கள். டெட்டாலைக் கலக்காமல் அப்படியே ஊற்றினால் கிருமியோடு சேர்த்து, ஆற வேண்டிய தோலும் வெந்துபோகும். ஸ்பிரிட், நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு, ஆஃப்டர் ஷேவ் லோஷன் எல்லாம் அப்படியே. எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

5. காத்தாட விட்டா சீக்கிரம் காஞ்சிடும்னு அம்மா சொல்றாங்க. மூடி வெக்கணுமா, விடணுமா?

ஈரப்பதத்தோடு வைத்திருக்க வேண்டும். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றித் தோலில் மேலோட்டமான காயங்களைப் போட்டு, சிலவற்றை மூடியும் சிலவற்றைத் திறந்தும் வைத்துப் பார்த்தார். மூடி ஈரமாக வைத்தவற்றில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்து பொருக்குத் தட்டிய காயத்தில் புதுத் தோல் அந்தப் பொருக்குக்கு அடியில் வழி தேடிப் போக வேண்டியிருக்கிறது. பொருக்கு அரிக்கும், கை தானாகப் போய்க் கிள்ளும், அங்கே பள்ளம் விழும்.

ஆகவே ரத்தம் நின்றதும் கழுவி, ஒற்றி எடுத்து, வாசலின் மெல்லியதாகத் தடவுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. வீட்டில் எல்லோரும் விரல் விட்ட டப்பா வேண்டாம், புதிதாக ஒரு ட்யூப் வாங்கிக்கொள்ளுங்கள். பைக்கில் பெங்களூர் ரோட்டில் போய்வருகிறவர் என்றால் மேலே ஒரு சின்ன பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள், வேர்த்து நனைந்தால் மாற்றுங்கள். சின்னக் கீறல் இப்படி நாலைந்து நாளில் மூடிவிடும்.

6. சோஃப்ராமைசின் குடுங்க. இல்லன்னா வீட்டுல பெட்னோவேட் இருக்கு, அத தடவட்டுமா?

சுத்தமான கீறலுக்கு ஆன்டிபயாடிக் களிம்பு தேவையில்லை, வாசலினே போதும். சோஃப்ராமைசினில் இருக்கும் ஃப்ராமைசெட்டின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. காயத்தைச் சுற்றிச் சிவந்து, அரித்து, பொரிப்பொரியாக வரும். சீழ் வைத்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவுவார்கள், இன்னும் மோசமாகும். அரிப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள்.

பெட்னோவேட் ஸ்டீராய்டு. வெட்டுக் காயத்தில் அதைத் தடவவே கூடாது. ஆறுவது தாமதமாகும், கிருமி பிடிக்கும், தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்துபோகும். கறுப்பு போக என்று வாங்கித் தடவும் மூன்று மருந்து கலந்த கிரீம்களிலும் ஸ்டீராய்டு இருக்கிறது. எங்கள் தொழில்காரர்களில் சிலர் சீட்டு இல்லாமலே அவற்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். நீங்களாவது கேட்காதீர்கள்.

7. டிடி ஊசி போடணுமா?

சுத்தமான சின்ன வெட்டு, டெட்டனஸுக்கான முழுத் தடுப்பூசியும் முன்பே போட்டிருக்கிறீர்கள், கடைசி ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகவில்லை என்றால் தேவையில்லை. துருப்பிடித்த கத்தி, மண் பட்ட காயம், ஆழமான வெட்டு என்றால் ஐந்து வருடக் கணக்கு. எப்போது போட்டோம் என்றே நினைவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள்.

8. தையல் போடற அளவுக்கு வெட்டுன்னு எப்படித் தெரியும்?

பத்து நிமிடம் ஒழுங்காக அழுத்தி, இன்னொரு பத்து நிமிடமும் அழுத்திய பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றால் போக வேண்டும். ரத்தம் பீய்ச்சி அடித்தால் காத்திருக்கவே வேண்டாம். விளிம்புகள் தானாக ஒட்டி நிற்காமல் வாய் பிளந்தாலோ, உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தாலோ தையல் வெட்டுதான். உதட்டின் சிவப்பும் தோலும் சேருகிற கோட்டைக் கடந்த வெட்டு சின்னதானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டர் விலகிச் சேர்ந்தாலும் ஆயுசுக்கும் கண்ணில் படும். காது மடல், கண் இமையும் அப்படித்தான்.

தாடை எலும்பின் ஓரத்தில் வெட்டியவர்கள் கண்ணாடி முன் நின்று பல் தெரியச் சிரித்துப் பாருங்கள். கீழுதடு ஒரு பக்கம் இறங்காமல் கோணிக்கொண்டால் அங்கே ஓடும் நரம்பில் அடிபட்டிருக்கலாம். உடனே மருத்துவமனை.

அன்றைக்கே போக வேண்டும், "காலைல பாத்துக்கலாம்" என்று தள்ளக் கூடாது. வேலூரில் இருப்பவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சிஎம்சியும் இருக்கின்றன. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் என்றால் அங்கேயே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், இவ்வளவு தூரம் வந்து நேரத்தைத் தொலைக்க வேண்டாம். முகத்துத் தையலைச் சுமார் ஐந்து நாளில் பிரித்துவிடுவார்கள். பிரிக்கப் போகாமல் இருந்துவிடுகிறவர்களுக்குத்தான் கோட்டுக்கு இருபுறமும் ஏணிப்படி மாதிரி புள்ளிகள் விழுகின்றன.

9. டாக்டருங்களே பசை போட்டு ஒட்டறாங்களாமே, அப்போ ஃபெவிக்விக் போட்டா இன்னா?

அவர்கள் போடுவது அதே குடும்பத்துப் பசைதான், ஆனால் மனிதத் தோலுக்கென்று தயாரித்து, கிருமி நீக்கியது. கடைப் பசை இறுகும்போது சூடு கிளப்பும், தோலை எரிக்கும், கழுவாத அழுக்கையும் உள்ளே வைத்து மூடிவிடும். கண் பக்கம் வழிந்தால் இமை ஒட்டிக்கொள்ளும். வேண்டவே வேண்டாம்.

10. இந்த வெட்டுக்குத் தழும்பு விழுமா, விழாதா?

ஆழத்தைப் பொறுத்தது. மேல்தோல் மட்டும் சீவிப்போயிருந்தால் தழும்பு விழாது. அதற்கு அடியில் உள்ள தோல்வரை இறங்கினால் உடம்பு அங்கே கொலாஜன் நாரைப் போட்டு அடைக்கும். அந்த அடைப்புதான் தழும்பு. சவரக்கத்தியின் நல்ல குணம், கோடு நேராகவும் மெல்லியதாகவும் விழும். கண்ணாடித்துண்டு கிழித்ததைப் போல் பிய்ந்திருக்காது. ஒழுங்காக ஆறவிட்டால் முக்கால்வாசி வெட்டுகள் பிறகு தேடினாலும் கிடைக்காது.

முதல் இரண்டு மாதத்தில் பார்த்துவிட்டு மனம் உடைந்துபோகாதீர்கள். அப்போது சிவந்தோ, கறுத்தோ, கொஞ்சம் தடித்தோ இருப்பது இயல்பு. உள்ளே நார்கள் அடுக்கி மாற்றப்படும் வேலை ஒரு வருடம் வரைகூட நடக்கும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பதறிப்போய் வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதைத்தான்: இப்போதைக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள், வேறு எதையும் தேய்க்காதே.

11. காயம் ஆறிடுச்சு, ஆனா அந்த இடத்துல கறுப்பா கோடு நிக்குது. எலுமிச்சம்பழம் தேய்ச்சா போகுமா?

அது தழும்பாக இல்லாமல் வெறும் நிறமாக இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமும் தட்டுப்படவில்லை என்றால் நிறம்தான். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எந்தப் புண் ஆறினாலும் நிறமி கொஞ்சம் அதிகமாகச் சுரந்து நின்றுவிடும். சில மாதங்களில் தானே வெளுக்கும்.

அதை வெளுக்கவிடாமல் தடுப்பது வெயில். நம்மூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. தோல் மூடிய பிறகு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைத் தடவுங்கள், வெளியில் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. தோல் நிறத்திலேயே கிடைக்கும் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் மாநிறத்துக்கு இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது ஓரளவு தடுக்கிறது. வாங்க வசதியில்லை என்றால் துண்டு, தொப்பி, நிழல். அவையும் நன்றாகவே வேலை செய்யும்.

எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போனால் தோல் வெந்து, இருந்த கோட்டைவிட அகலமாகக் கறுக்கும். வேண்டாம்.

12. சலூன்ல வெட்டிடுச்சுண்ணா. பிளேடு மாத்தினாரான்னு நான் பாக்கல. எய்ட்ஸ் வந்துடுமா?

ராத்திரி தூங்காமல் வந்து, கடையில் ஆள் போகும்வரை நின்று, தாழ்ந்த குரலில் கேட்கிற கேள்வி இது. எச்ஐவி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில் வெகுநேரம் தாக்குப்பிடிக்காது. சலூன் வெட்டில் அது தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவரைக் கத்தி வெட்டி, அதே பிளேடு அடுத்த நிமிடமே உங்கள்மேல் பட்டதை நீங்களே பார்த்தீர்கள் என்றால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். 1986-ல் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதித்துச் சொன்னதே வேலூர் சிஎம்சி ஆய்வுக்கூடம்தான். இந்த ஊர் டாக்டர்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது மஞ்சள்காமாலை பி வகைக்குத்தான். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த இடத்திலும் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. பெரியவர்களில் பலர் போட்டுக்கொண்டதே இல்லை. சந்தேகமான வெட்டு என்றால் ஊசியை 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது.

பிளேடை மட்டும் மாற்றினால் ஆகாது, படிகாரக் கல்லையும் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட பத்துக் கன்னத்தில் தேய்த்த அதே கல் உங்கள் கன்னத்துக்கும் வருகிறது. படிகாரம் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. "கல்லு வேணாம்ணா, தண்ணி மட்டும் போதும்" என்று சொல்லுங்கள், அல்லது உங்கள் கல்லைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். புது பிளேடு என்றால் காகித உறையைப் பிரித்து, உங்கள் கண் முன்னால் பாதியாக உடைத்துப் போட வேண்டும். கேட்டால் நல்ல தொழில்காரர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, எங்கள் வரிசையில் இருக்கும் அண்ணன் கேட்பதற்கு முன்னாலேயே காட்டிவிட்டுத்தான் உடைப்பார்.

13. தழும்பு போக வைட்டமின் ஈ கேப்ஸ்யூல உடைச்சுத் தடவறாங்களே, சிலிக்கான் ஜெல் வேற சொல்றாங்க. எது வாங்கட்டும்?

வைட்டமின் ஈ வேண்டாம். 1999-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் அறுவைத் தழும்பின் ஒரு பாதியில் வெறும் களிம்பும் மறுபாதியில் வைட்டமின் ஈ கலந்த களிம்பும் தடவிப் பார்த்தார்கள். வைட்டமினால் நன்மை எதுவும் தெரியவில்லை. மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்ததுதான் மிச்சம்.

சிலிக்கான் உதவும், ஆனால் எல்லா வெட்டுக்கும் அந்தச் செலவு தேவையில்லை. தடிக்கத் தொடங்குகிற தழும்பு, தையல் போட்ட தழும்பு இவற்றுக்கு வாங்குங்கள். காயம் முழுக்க மூடிய பிறகே தொடங்க வேண்டும். ஜெல் என்றால் தினம் இரண்டு வேளை, ஒட்டும் பட்டை என்றால் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம் விடாமல். ஒரு வாரம் தடவிவிட்டுப் பலன் இல்லை என்று விடுவதாக இருந்தால் காசை வீணாக்காதீர்கள். அவ்வளவு முடியாதவர்களுக்குக் காகிதப் பிளாஸ்திரியைக் கோட்டின்மேல் நீளவாக்கில் ஒட்டி வைப்பதே ஓரளவு பலன் தரும். தோல் இழுபடாமல் பிடித்துக்கொள்கிறது.

14. தழும்பு எழும்பி, அரிச்சுக்கிட்டே பெருசாவுது. இது இன்னா?

வெட்டின் எல்லைக்குள்ளேயே மேடாக இருந்தால் தடித்த தழும்பு, காலப்போக்கில் தணியலாம். எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் பரவினால் கீலாய்டு. அது தானே போகாது. தாடைக் கோடு, காது மடல், நெஞ்சு, தோள் இவை அது விரும்பி வரும் இடங்கள், கறுத்த தோலில் அதிகம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் உங்களுக்கும் வரலாம்.

தோல் டாக்டரிடம் சீக்கிரம் போங்கள். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுத் தணிய வைப்பார்கள். (6-ல் ஸ்டீராய்டு வேண்டாம் என்றது ஆறாத காயத்துக்கு, இது வேறு.) "அறுத்து எடுத்துடுங்க" என்று நீங்களாகக் கேட்காதீர்கள், வெறுமனே அறுத்தால் பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். பிடரியில் ஒட்டச் சிரைத்துக்கொள்பவர்களுக்குக் கழுத்துக்குப் பின்னால் கட்டி கட்டியாக வந்து தடிப்பதுண்டு. அவர்கள் பிடரியில் கத்தி வைப்பதை நிறுத்துவதுதான் முதல் மருந்து.

15. திருப்பதியில மொட்டை அடிச்சப்போ குழந்தை தலையில ரெண்டு இடத்துல வெட்டு. சந்தனம் பூசிட்டோம். பரவாயில்லையா?

தலைத்தோலும் முகம் போலத்தான், ரத்தம் நிறைய வரும், சீக்கிரம் ஆறும். பூசிய சந்தனத்தை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவிவிடுங்கள். வெட்டில்லாத இடத்தில் சந்தனம் இருக்கட்டும், வெட்டின்மேல் வாசலின் மட்டும். வேண்டுதலுக்கு அதனால் குறை எதுவும் வராது. கோயிலாக இருந்தாலும், திருவிழாக் கூட்டமாக இருந்தாலும், புது பிளேடு போடச் சொல்லிப் பார்த்த பிறகே குழந்தையை மடியில் உட்கார வையுங்கள். அரைத் தூக்கத்தில் அல்லது பால் குடித்துத் தெளிந்த நேரத்தில் அடித்தால் குழந்தை திமிறாது; பெரும்பாலான வெட்டுகள் திமிறும்போது விழுபவைதான்.

குழந்தை சோர்ந்து பால் குடிக்காமல் இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வெட்டைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

16. நான் எப்படிப் பண்ணாலும் அதே இடத்துலதான் வெட்டுது. கத்தி தப்பா, கை தப்பா?

பெரும்பாலும் தண்ணீரும் கோணமும். பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து படலமாகத்தான் நிற்கும். நுரை இல்லாத தோலில் கத்தி வழுக்காமல் மாட்டிக்கொள்ளும். சவரத்துக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீரைச் சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் போட்டு முடியை ஊறவையுங்கள்.

கத்தியைத் தோலிலிருந்து சுமார் முப்பது டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். நிமிர்த்தினால் வெட்டும், படுக்க வைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். கத்தி முன்னோக்கி மட்டும் நகர வேண்டும். பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் கறிக்கத்தி வேலையைச் செய்துவிடும். தாடை முனையில் தோலைக் கன்னத்துப் பக்கம் மேலே இழுத்துக்கொள்ளுங்கள். குரல்வளை மேட்டில் தோலைப் பக்கத்துக்கு இழுத்து, சமமான இடத்துக்குக் கொண்டுவந்து சிரையுங்கள். கழுத்தில் பலருக்கு முடி குறுக்காக முளைத்திருக்கும். இரண்டு நாள் தாடியில் விரலை ஓட்டிப் பார்த்து, முடி போகும் திசையிலேயே கத்தியைக் கொண்டுபோங்கள்.

பாதி பிளேடு போடும் கத்தி என்றால் ஒவ்வொரு தடவையும் பிளேடை மாற்றுங்கள். தீட்டும் கத்தி என்றால் தோல் வாரில் முதுகு முன்னே, கூர் பின்னே வரும்படி இழுக்க வேண்டும். ராணிப்பேட்டையில் தோல் துண்டு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம், மேலே பூச்சு போடாத, வழவழப்பான, மடிப்பில்லாத துண்டாகப் பாருங்கள். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தும்போதுதான் வெட்டும்.

17. வெட்டுன இடத்துல மறுபடி எப்போ ஷேவ் பண்ணலாம்?

தோல் முழுக்க மூடி, தொட்டால் வலிக்காதபோது. சின்னக் கீறலுக்கு ஒரு வாரம் விடுங்கள். ஆபீஸுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் வெட்டின்மேல் வாசலின் வைத்து அந்த இடத்தைச் சுற்றி மட்டும் டிரிம்மர் ஓட்டுங்கள்.

18. டேனரியில வேலை. முகத்துல வெட்டோட போகலாமா?

போகலாம், மூடிக்கொண்டு போங்கள். ஈரத்தோல், சுண்ணாம்பு, குரோம் பட்ட கையுறையோடு முகத்தைத் தொடுவதுதான் ஆபத்து. திறந்த புண்ணில் குரோம் பட்டால் எரிச்சலோடு நிற்காது, ஒருமுறை குரோம் ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுசுக்கும் விடாமல் தொல்லை தரும். தண்ணீர் புகாத பிளாஸ்திரியை ஒட்டி, வேலை முடிந்ததும் கழற்றிக் கழுவுங்கள். வேலை நாளுக்கு முந்தின ராத்திரியே ஷேவ் பண்ணிவிடுவது இன்னும் நல்லது.

19. மரு மேல கத்தி பட்டுடுச்சு. ஒண்ணா இருந்தது இப்போ வரிசையா வருது.

பாலுண்ணியாக இருந்தால் அது வைரஸ். கத்தி அதைச் சீவி, போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். அதனால்தான் கத்தி போன கோட்டிலேயே முளைக்கிறது. தாடியில் கத்தி வைப்பதை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். கறுப்பு மச்சம் அடிக்கடி வெட்டுப்பட்டு ரத்தம் வந்தாலோ, நிறமோ வடிவமோ மாறினாலோ அதையும் காட்ட வேண்டும்.

20. சுகர் இருக்கு, ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாத மாத்திரையும் போடறேன். நான் கத்தி வெக்கலாமா?

எலெக்ட்ரிக் டிரிம்மருக்கு மாறிவிடுங்கள் என்பதே என் கருத்து. வெட்டிவிட்டால் 1-ல் சொன்ன மாதிரியே, ஆனால் இருபது நிமிடம். ரத்தம் வருகிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், வெட்டைவிட அது ஆபத்து. சுகர் இருப்பவர்கள் தினம் ஒருமுறை கண்ணாடியில் காயத்தைப் பாருங்கள். சூடு, சீழ், பரவும் சிவப்பு, கூடிக்கொண்டே போகும் வலி, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

21. சட்டையில ரத்தத்தப் பாத்துதான் வெட்டுனதே தெரிஞ்சது. வலியே இல்ல. நல்லதுதானே?

கூர்மையான கத்தி வெட்டினால் உடனே வலிக்காது, அது சாதாரணம். ஆனால் அந்த இடத்தில் தோல் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல் மாதிரி இருந்து, தொட்டாலும் உணர்ச்சி இல்லை என்றால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். காட்பாடிக்குப் பக்கத்திலேயே கரிகிரி மருத்துவமனை இருக்கிறது, இந்த நோய்க்கென்றே உலகம் அறிந்த இடம். கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் முகத்திலும் கையிலும் ஒரு குறையும் வராது. பெயரைக் கேட்டு ஒளித்து வைக்காதீர்கள்.

22. பழைய தழும்பு, காலேஜ் படிக்கும்போது விழுந்தது. அந்தக் கோட்டுல மட்டும் மீசை முளைக்கல. இப்போ ஏதாவது பண்ண முடியுமா?

தழும்பில் முடியின் வேர் இருக்காது, அதனால் எந்த எண்ணெய் தடவினாலும் அங்கே முளைக்காது. எண்ணெய் விளம்பரத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். 13-ல் சொன்ன சிலிக்கானும் இவ்வளவு பழைய, தட்டையான கோட்டுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. பள்ளமாக இருந்தால் லேசர், நுண் ஊசிச் சிகிச்சை, அகலமாக இருந்தால் அறுத்து மெல்லிய கோடாகத் திரும்பத் தைப்பது என்று வழிகள் உண்டு. முடியை வேரோடு எடுத்துத் தழும்பிலேயே நடவும் செய்கிறார்கள். நல்ல தோலில் நட்ட அளவுக்கு எல்லாம் பிடிக்காது, சில சமயம் இரண்டு தடவை நட வேண்டிவரும். கீலாய்டு வரும் உடம்பு என்றால் (14 பார்க்க) இதில் எதையும் தொடங்குவதற்கு முன்னால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்க மறந்தாலும்.